பெயரில் மட்டும் டீசல்: மாதிரி விமானங்களின் சின்ன எஞ்சின் எப்படி வேலை செய்கிறது, யாருக்குப் பொருந்தும்

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பையன் ஒருநாள் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். உள்ளே துணியில் சுற்றிய ஒரு எஞ்சின், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. அவனுடைய அம்மப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை விட்டுப் போன காலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போனது என்று வீட்டில் சொல்வார்களாம். எடுத்துப் பார்த்தேன். ‘ஈ.டி. பீ’ என்ற பெயருள்ள மாதிரி விமான எஞ்சின் அது, இங்கிலாந்தில் 1948இல் வெளிவந்த 1 சிசி எஞ்சின்.

“மாமா, இது டீசல் எஞ்சினாம். பெற்றோல் செட்டில டீசல் வாங்கி ஊத்தி ரெண்டு நாளாச் சுத்துறன். கை நோகுது, ஒருக்காக்கூட வெடிக்குதில்ல.”

பிழை அவனுடையது அல்ல, பெயருடையது. மாதிரி விமான டீசல் எஞ்சினைப் பற்றி மூன்று விதமான பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. லொறி எஞ்சினைச் சுருக்கிச் செய்தது என்பார்கள். டீசல் என்பதால் பலம் கூட என்பார்கள். மேலே இருக்கும் ஸ்குரூவை இறுக்க இறுக்க வேகம் ஏறும் என்பார்கள். மூன்றும் தவறு. மூன்றாவதை நம்பினால் எஞ்சினே போய்விடும். அந்த ஸ்குரூ என்ன செய்கிறது என்று விளங்கிவிட்டால் இந்த எஞ்சினின் நன்மையும் தீமையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே விளங்கும். அதனால் அங்கே போய்ச் சேருகிற மாதிரியே எழுதுகிறேன்.

சைக்கிள் பம்பின் சூடு

சைக்கிளுக்குக் காற்றடித்து முடிந்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடும். உரசலாலும் கொஞ்சம் சூடு வரும். ஆனால் பெரும்பங்கு காற்றை நெருக்கியதால் வருவது. காற்றைச் சின்ன இடத்துக்குள் அமுக்கும்போது நம் கை செய்த வேலை அந்தக் காற்றிலே சூடாக ஏறுகிறது.

மெதுவாக அடித்தால் அவ்வளவு சுடாது. வந்த சூடு பம்பின் சுவர் வழியாக வெளியேற நேரம் கிடைத்துவிடுகிறது. சட்டென்று அமுக்கினால்தான் சூடு உள்ளே நிற்கும். இதை மறக்கவேண்டாம். இந்தச் சின்ன எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது புரொப்பலரை ஏன் சுண்டிவிட வேண்டும், ஏன் மெல்லச் சுற்றினால் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

கொட்பேயில் இரண்டு எஞ்சின்கள்

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் இரண்டு வகை எஞ்சின்களைப் பார்க்கலாம். ஒன்று, ஃபைபர் படகின் பின்னால் தொங்கும் வெளியிணைப்பு மோட்டார். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். 2022இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது மண்ணெண்ணெய் கிடைக்காமல் கரையேறிக் கிடந்தவை இந்தப் படகுகள். அதில் ஸ்பார்க் பிளக் உண்டு. எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை நெருக்கி, பிளக் பொறி தட்டியதும் எரிகிறது. மண்ணெண்ணெய் எரிக்கிறது என்பதற்காக அது டீசல் எஞ்சின் ஆகிவிடாது.

மற்றது, பல நாட்கள் கடலில் நின்று மீன்பிடிக்கும் பலநாள் கலத்தின் வயிற்றுக்குள் இருக்கும் பெரிய எஞ்சின். உண்மையான டீசல் அதுதான். ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியியலாளர் 1897இல் ஓட்டிக் காட்டிய முறை. அதிலே முதலில் வெறும் காற்று மட்டும் சிலிண்டருக்குள் போகிறது. பிஸ்டன் அதை 14 முதல் 22 மடங்கு வரை நெருக்குகிறது. காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. சரியான கணத்தில் ஒரு பம்ப் டீசலை மிகுந்த அழுத்தத்தில் உள்ளே பீய்ச்சுகிறது. பீய்ச்சியவுடன் எரிகிறது. எப்போது எரியவேண்டும் என்பதைப் பீய்ச்சும் நேரம்தான் முடிவுசெய்கிறது.

இப்போது கையில் இருக்கும் 1 சிசி எஞ்சினுக்கு வருவோம். 1 சிசி என்றால் ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு காற்றோடு எரியக்கூடிய எரிபொருளின் அளவு ஒரு சொட்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் நிமிடத்துக்கு 10,000 தடவை அளந்து பீய்ச்ச ஒரு பம்ப் வேண்டுமென்றால், அந்தப் பம்ப் விமானத்தைவிடப் பாரமாகவும் விலையாகவும் இருக்கும். ஆகவே இதிலே பம்ப் இல்லை. பிளக்கும் இல்லை. பெற்றோல் எஞ்சின் மாதிரி, காற்றும் எரிபொருளும் முதலிலேயே கலந்து உள்ளே போகின்றன. டீசல் எஞ்சின் மாதிரி, நெருக்கிய சூட்டிலேயே அந்தக் கலவை எரிகிறது.

இதுவரை சொன்னதை ஒரு மூச்சில் சொன்னால்: வெளியிணைப்பு மோட்டாரில் கலவை, பிளக். பலநாள் கலத்தில் வெறும் காற்று, பீய்ச்சும் பம்ப். மாதிரி எஞ்சினில் கலவை உண்டு. பிளக்கும் கிடையாது, பம்பும் கிடையாது.

அப்படியானால் எரியும் நேரத்தை யார் சொல்வது?

இங்கேதான் ஸ்குரூ வருகிறது. சிலிண்டரின் உச்சியில், பிஸ்டனுக்கு நேர் எதிரே, இன்னொரு சின்னப் பிஸ்டன் இறுக்கமாகப் பொருந்தியிருக்கும். இதை எதிர்ப்பிஸ்டன் என்போம். இது மேலும் கீழும் ஓடுவதில்லை, சிலிண்டரின் கூரை மாதிரி நிற்கிறது. ஆனால் அசைக்கக்கூடிய கூரை. எஞ்சினின் தலையில் குறுக்குக் கம்பியோடு நிற்கும் ஸ்குரூவைத் திருகினால் கூரை இறங்கும். கூரை இறங்கினால் கலவை இன்னும் சின்ன இடத்துக்குள் நெருங்கும், சூடு கூடும், சீக்கிரம் எரியும். ஸ்குரூவைத் தளர்த்தினால் அடுத்த வெடிப்பு கூரையைத் தானே மேலே தள்ளிவிடும். நெருக்கம் குறையும், தாமதமாக எரியும்.

நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 6 மில்லிசெக்கன். அதற்குள் கலவை நெருங்கி, சூடேறி, எரிந்து முடியவேண்டும். பிஸ்டன் உச்சிக்கு வந்து சேரும் கணத்தை ஒட்டி எரிந்தால் முழுப் பலமும் புரொப்பலருக்குப் போகும். பிந்தினால் விட்டுவிட்டு வெடிக்கும். முந்தினால் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை எரிந்த வாயு கீழே அடிக்கும். எஞ்சின் தனக்கெதிராகத் தானே வேலை செய்கிறது. அதனால்தான் ஸ்குரூவை இறுக்க இறுக்க வேகம் ஏறும் என்பது ஆபத்தான பேச்சு. ஓர் எல்லைவரை ஏறும். அதற்கப்பால் சத்தம் தடித்து, சுற்று விழுந்து, வெளியே வழியும் எண்ணெய் கறுத்து, எஞ்சின் திணறத் தொடங்கும்.

காற்றோடு எவ்வளவு எரிபொருள் கலக்கவேண்டும் என்பதற்கு வேறொரு ஸ்குரூ இருக்கிறது. காற்று நுழையும் குழாயின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி வால்வு அது. தண்ணீர்க் குழாயைத் திறப்பது மாதிரி அதைத் திறந்து மூடலாம். மொத்தத்தில் இரண்டே இரண்டு கட்டுப்பாடுகள். ஊசி, எவ்வளவு என்று சொல்கிறது. தலை ஸ்குரூ, எப்போது என்று சொல்கிறது.

போத்தலுக்குள் மூன்று பொருட்கள்

பழைய செய்முறை, மூன்றும் சம அளவு: ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய். இப்போதைய கலவைகளில் எண்ணெய் கொஞ்சம் குறைந்து, எரிவதைச் சீராக்க ஒரு நைத்திரேற்று சேர்மம் 1 அல்லது 2 வீதம் சேர்கிறது.

பலத்தைக் கொடுப்பது மண்ணெண்ணெய். வழுவழுப்பைக் கொடுப்பது ஆமணக்கெண்ணெய். இந்த எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது, எரிபொருளோடு போகும் எண்ணெய்தான் எல்லாவற்றையும் காக்கிறது. ஈதர் தீக்குச்சியின் வேலையைச் செய்கிறது. 160 முதல் 180 பாகையளவில் தானாகவே தீப்பிடிக்கும் பொருள் அது. சின்னச் சிலிண்டருக்குச் சூட்டைத் தக்கவைக்கும் சக்தி குறைவு. பிஸ்டன் நெருக்கிய சூட்டில் பெரும்பங்கைச் சுவர்களே குடித்துவிடும். மிஞ்சுகிற கொஞ்சச் சூட்டில் முதலில் பற்றிக்கொள்வது ஈதர். அது பற்றியதும் மண்ணெண்ணெய் தொடர்ந்து எரிகிறது.

பையன் ஊற்றிய செட் டீசல் ஏன் வெடிக்கவில்லை என்பது இப்போது விளங்கும். அதில் ஈதர் இல்லை. பீய்ச்சும் பம்ப் இல்லாததால் தடித்த டீசல் புகை மாதிரிக் கலையாமல் துளித்துளியாகவே உள்ளே போகிறது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாக டீசலைக் கலக்கிறவர்கள் உண்டு, அது பரவாயில்லை. ஈதர் இல்லாமல் தனி டீசலில் இது ஓடாது.

ஈதருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆமணக்கெண்ணெய் மண்ணெண்ணெயோடு நேரடியாகச் சேராது. இரண்டையும் சேர்த்துவைப்பது ஈதர். என்னிடம் பழைய கலவை ஒரு போத்தலில் இருந்தது. மூடி சரியாக இறுகவில்லை. இரண்டு மாதத்துக்குப் பின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அடியில் தேன் நிறத்தில் தடித்த ஒரு படை, மேலே தெளிந்த மண்ணெண்ணெய். ஈதர் பறந்துவிட்டது, மற்ற இரண்டும் பிரிந்துவிட்டன. உங்கள் போத்தலில் இப்படி இரண்டு படை தெரிந்தால் குலுக்கி ஊற்றவேண்டாம். மேல்படை மட்டும் எஞ்சினுக்குள் போனால் அரை நிமிடத்தில் பிஸ்டன் உரசிப்போகும்.

இதன் நன்மைகள் எங்கிருந்து வருகின்றன

ஒப்பிட ஒன்று வேண்டும். மாதிரி விமானங்களில் டீசலின் பழைய போட்டியாளர் குளோ எஞ்சின். அமெரிக்காவில் ரே ஆர்டன் 1947இல் சந்தைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கால் ஓடுவது. பிளற்றினக் கம்பிச் சுருள் ஒன்றைப் பற்றரியால் சிவக்கவைத்து ஸ்டார்ட் செய்வார்கள். ஓடத் தொடங்கியதும் மெதனோல் என்ற மதுசார எரிபொருள் அந்தக் கம்பியைத் தானே சிவப்பாக வைத்திருக்கும்.

டீசலுக்குப் பற்றரி வேண்டாம், பிளக் வேண்டாம், வயர் வேண்டாம். குளோ பிளக் வருமுன் இருந்த, ஸ்பார்க் பிளக்கால் எரியும் பொறி எஞ்சின்களோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. அவற்றில் சுருளும் மின்தேக்கியும் பற்றரியும் விமானத்தோடு சேர்ந்து பறக்கவேண்டியிருந்தது. 1940களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் வந்த டைனோ எஞ்சினைப் பார்த்துப் போருக்குப் பிந்திய ஐரோப்பா முழுக்க டீசலுக்குத் தாவியதற்கு இதுவே காரணம். பிரித்தானியாவின் மில்ஸ் 0.75 எஞ்சினுக்குப் பின்னாளில் கல்கத்தாவிலும் பிரதிகள் செய்து விற்றார்கள்.

அடுத்தது சிக்கனம். மண்ணெண்ணெயின் ஒரு கிலோவில் இருக்கும் சக்தி மெதனோலின் ஒரு கிலோவில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் ஒரே அளவுத் தொட்டியில் டீசல் கணிசமாகக் கூடுதல் நேரம் பறக்கும்.

பிறகு இழுவை. இதைத்தான் ஆட்கள் பலம் கூட என்று குழப்பிக்கொள்கிறார்கள். பனையோலை விசிறியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய விசிறியை ஆறுதலாக வீசினாலே உடம்பு முழுக்கக் காற்றுப் படும். சின்ன அட்டைத் துண்டால் அதே காற்றுக்குக் கை பறக்கவேண்டும். மெதுவான விமானத்துக்குப் பெரிய புரொப்பலரை ஆறுதலாகச் சுற்றுவதுதான் லாபம். டீசலால் அது முடியும். புரொப்பலர் பெரிதானால் சுமை கூடும், சுற்று இறங்கும். ஸ்குரூவைச் சற்றுத் திருகி அந்தச் சுற்றுக்கு ஏற்றபடி எரியும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். குளோவில் அப்படித் திருக ஒன்றுமில்லை. குளோவுக்கு 7 அங்குலம் போடும் இடத்தில் அதே அளவு டீசலுக்கு 8 அங்குலம் போடலாம். ஆனால் உச்ச வேகம் வேண்டுமென்றால், எரிபொருளில் நைத்ரோமெதேன் என்ற பலமூட்டும் திரவம் சேர்த்த குளோ எஞ்சின் கடுஞ்சுற்றில் டீசலைத் தாண்டிப்போய்விடும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு நன்மையும் உண்டு. மெதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடல் காற்றில் போத்தலைத் திறந்து திறந்து மூடினால் எரிபொருளில் தண்ணீர் சேரும், எஞ்சினுக்குள் பேரிங் துருப்பிடிக்கும். டீசல் கலவை ஈரம் குடிக்காது. ஓடி முடிந்த பிறகு உள்ளே ஆமணக்கெண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுச்செல்லும். பையனின் எஞ்சின் இத்தனை வருடம் துருப்பிடிக்காமல் கிடந்தது அந்தப் படலத்தால்தான். இறுகிப் பிசினாகியிருந்தது. சூடாக்கித் துடைத்ததும் பிஸ்டன் புதிது மாதிரி அசைந்தது.

கஷ்டங்களும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன

வேகத்தைக் கூட்டிக் குறைப்பது கடினம். காற்று வழியைப் பாதி மூடினால் சிலிண்டருக்குள் போகும் கலவை குறையும். குறைந்த கலவையை அதே கூரைக்குக் கீழே நெருக்கினால் அழுத்தமும் சூடும் போதாது, எரியும் நேரம் பிந்தும், எஞ்சின் விக்கும். ரேடியோவால் கட்டுப்படுத்தும் விமானத்துக்கு இது பெரிய குறை. முழு வேகத்திலேயே ஓடினால் போதும் என்கிற விமானங்களுக்கு இது குறையே இல்லை. கட்டுக்கம்பி விமானம் அப்படிப்பட்டது. நடுவில் ஒருவர் நின்று 10, 12 மீற்றர் நீளமான இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகளால் பிடிக்க, விமானம் அவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். கையிலிருந்து விட்டதும் தானாகப் பறக்கும் விமானமும் அப்படித்தான்.

இரண்டாவது, ஸ்டார்ட் செய்யும் கைப்பழக்கம். காற்றுக் குழாயை விரலால் மூடி இரண்டு சுற்று, எரிபொருள் ஏறும். விரலை எடுத்துவிட்டுச் சுண்டவேண்டும். “சப்” என்று ஈரச் சத்தம் வந்தால் எரிபொருள் போதும். வெடிக்கவில்லை என்றால் ஸ்குரூவைக் கால் சுற்று இறக்கிச் சுண்டவேண்டும். “டப்” என்று ஒரு வெடிப்பு, விரலில் ஓர் அதிர்ச்சி. இன்னொரு தடவை சுண்டினால் பிடித்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் சூடேறியதும் ஸ்குரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சத்தம் விட்டுவிட்டு வரத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு மயிரிழை இறுக்கவேண்டும். எழுத்தில் இவ்வளவுதான். காதுக்குப் பழக ஒரு மாதம் ஆகும்.

இந்த இடத்தில் நான் ஓர் எஞ்சினைக் கெடுத்திருக்கிறேன். எரிபொருள் கூடிப்போய்ச் சிலிண்டருக்குள் திரவமாகவே தேங்கியிருந்தது. புரொப்பலர் ஓர் இடத்தில் இறுகி நின்றது. காற்றை நெருக்கலாம், திரவத்தை நெருக்க முடியாது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. பலத்தைப் போட்டுத் திருப்பினேன். உள்ளே இணைப்புத் தண்டு வளைந்தது. இறுகினால் உடனே நிறுத்தி, ஸ்குரூவை நன்றாக மேலே தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து எண்ணெயை வடியவிடுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டரை இந்த எஞ்சினில் வைக்கவே வேண்டாம். கைக்கு இறுக்கம் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது.

அதிர்வு கூட. வலுவாகச் செய்யவேண்டியிருப்பதால் அதே அளவுக் குளோ எஞ்சினைவிடப் பாரமும் சற்றுக் கூட. மணம் உடுப்பில் இரண்டு நாள் நிற்கும். விமானத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்த எண்ணெய் படியும். எண்ணெய் படிந்த எஞ்சின் கடற்கரை மணலில் விழுந்தால் அன்றைய பறப்பு முடிந்தது. ஒரு மணல் துகள் உள்ளே போனால் பிஸ்டனில் கீறல் விழும். அதனால் கடற்கரையைவிடப் புல் வளர்ந்த நிலம் நல்லது. சீனன்குடாவில் விமானப்படைத் தளமும் பக்கத்தில் கடற்படைத் தளமும் இருக்கிற ஊர் இது. எந்த மாதிரி விமானம் என்றாலும் அனுமதி கேட்டபிறகுதான் பறக்கவிடவேண்டும்.

சுருக்கமாக: பற்றரி இல்லாமல், குறைந்த எரிபொருளில், பெரிய புரொப்பலரை ஒரே வேகத்தில் சுற்றுவதற்கு டீசல் நல்லது. வேகத்தை ஏற்றி இறக்கவும் துப்புரவாகப் பறக்கவும் அது உகந்ததல்ல.

ஈதரைப் பற்றித் தனியாக ஒரு சொல்

ஈதரின் கொதிநிலை 34.6 பாகை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் மத்தியான வெயில் அதைத் தொட்டுவிடும். கன்னியா வெந்நீரூற்றின் சூடு கூடிய கிணறு ஒன்றில் ஈதர் போத்தலை இறக்கினால் கொதிக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போகும். இந்த அறையில் போத்தலைத் திறந்தால் அடுத்த அறையில் சாமி விளக்கோ அடுப்போ அதைப் பற்றவைக்கலாம். அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்க ஒருகாலத்தில் பயன்பட்ட பொருளும் இதுதான், 1846இல் பொஸ்டனில் பலர் முன்னிலையில் செய்துகாட்டினார்கள். பூட்டிய அறைக்குள் கலந்தால் தலை சுற்றும். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பலகாலம் கிடந்த ஈதரில் வெடிக்கக்கூடிய பெரொட்சைட்டுகள் உருவாகும். எங்கேயாவது பழைய ஈதர் போத்தல் கிடந்தால் திறக்கவே கூடாது.

வாங்குவதும் இலகு அல்ல. போதைப்பொருள் தயாரிப்புக்குப் பயன்படக்கூடியது என்பதால் 1988ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையின் பட்டியலில் ஈதரும் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தெரிந்தவரிடம் கொஞ்சம் எடுத்துத் தரச்சொல்லிக் கேட்காதீர்கள், அவருக்குத்தான் சிக்கல் வரும். இந்த எஞ்சினின் மிகப் பெரிய தீமை எது என்று கேட்டால், மணமோ அதிர்வோ அல்ல, ஈதர் என்றுதான் நான் சொல்வேன்.

யாருக்கு இது

ரேடியோ விமானம் பறக்கப் பழகவேண்டும் என்று வருகிற பிள்ளைக்கு நான் டீசலைக் காட்டுவதில்லை. மின்மோட்டாரும் லிதியம் பற்றரியும் போதும். சத்தம் இல்லை, எண்ணெய் இல்லை, பறப்பில் மட்டும் கவனம் இருக்கும். எஞ்சின் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைக்கு இதற்கு நிகரான ஆசான் இல்லை. நெருக்கத்தை விரலால் கூட்டிக் குறைத்து, அதன் பலனை அந்தக் கணமே காதால் கேட்கக்கூடிய வேறு எஞ்சின் எனக்குத் தெரியாது. வாங்குவதென்றால் 1 முதல் 1.5 சிசிக்குள் வாங்குங்கள். மிகச் சின்னது சுண்டுவதற்குக் கடினம், பெரியது விரலை அடித்தால் காயம் பெரிது.

பையனின் எஞ்சினை ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், முற்றத்து மாமரத்தின் கீழ் ஒரு பலகையில் பூட்டினோம். எங்கள் பழைய மாதிரி விமானக் குழுவில் மிச்சமிருந்த, நன்றாக மூடிவைத்த கலவை. ஆறாவது சுண்டலில் பிடித்தது. அரை நிமிடம் கழித்துச் சத்தம் தடிக்கத் தொடங்கியது. நான் வாயைத் திறக்குமுன் அவன் கையை நீட்டி ஸ்குரூவைக் கால் சுற்றுத் தளர்த்தினான். சத்தம் தெளிந்தது.